12 அணி, 3 பிரிவு: மூன்றாவதாக வந்தவர்களைக் காலிறுதிக்கு எடுக்கலாமா?

பாலக்கோட்டான்:
வர்ற மே மாதம் பாலக்கோட்டில் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) நடத்துகிறோம். பென்னாகரம், அரூர், காரிமங்கலம் எல்லாம் சேர்த்து 12 அணி. 2026 உலகக் கோப்பைக்கு வைத்த முறையில் நாலு நாலாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் முதல் இரண்டு, அப்புறம் மூன்றாவதாக வந்ததில் நல்லதாக இரண்டு என்று எட்டு அணியைக் காலிறுதிக்கு எடுக்கலாம் என்றேன். கமிட்டியில் ஒரு பெரியவர், "ரெண்டு மேட்ச் தோத்தவனுக்கு எதுக்குய்யா நாக்அவுட்டு" என்று ஒரே பிடியாக நிற்கிறார். நாலு பிரிவு, பிரிவுக்கு மூன்று அணி போதுமாம். அதில் ஆறு ஆட்டம் மிச்சம் என்பது உண்மைதான். அவருக்கு என்ன பதில் சொல்வது?

கோல்கம்பம்:
2024 பாரிஸ் ஒலிம்பிக் பெண்கள் கால்பந்தைச் சொல்லுங்கள். உங்கள் கணக்கேதான், 12 நாடு, 3 பிரிவு. பிரேசில் நைஜீரியாவை மட்டும் ஜெயித்து, ஜப்பானிடமும் ஸ்பெயினிடமும் தோற்று, மூன்றாவதாக உள்ளே வந்தது. அப்புறம் பிரான்ஸை 1-0, தன்னைத் தோற்கடித்த அதே ஸ்பெயினை அரையிறுதியில் 4-2, கடைசியில் அமெரிக்காவிடம் 0-1 என்று தோற்று வெள்ளி வாங்கியது. ரெண்டு மேட்ச் தோத்தவன்தான் இது! 2016 யூரோவில், அதாவது ஐரோப்பிய நாடுகளின் கோப்பையில், போர்ச்சுகல் பிரிவு ஆட்டம் மூன்றையும் டிரா செய்து மூன்றாவதாக வந்து கோப்பையையே தூக்கியது.

அரூர் விசில்:
மூன்று அணிப் பிரிவு வேண்டவே வேண்டாம். கடைசி ஆட்டத்தில் ஒரு அணி வெளியே உட்கார்ந்திருக்கும், ஆடுகிற இரண்டுக்கும் எந்த ஸ்கோர் வந்தால் இருவருக்கும் லாபம் என்று முன்னாடியே தெரியும். 1982 உலகக் கோப்பையில் அல்ஜீரியா தன் ஆட்டத்தை முதல் நாளே முடித்துவிட்டது. மறுநாள் மேற்கு ஜெர்மனி பத்தாவது நிமிடத்தில் ஒரு கோல் போட்டது, அந்த 1-0 ஆஸ்திரியாவுக்கும் போதும், மீதி நேரம் பந்தைத் தட்டிக்கொண்டே ஓட்டினார்கள். அல்ஜீரியா வெளியே. அதற்கு அப்புறம்தான் பிரிவின் கடைசி ஆட்டங்கள் ஒரே நேரத்தில் வந்தன. 2026-க்கும் ஃபிஃபா 2017-ல் 16 பிரிவு, மூன்று மூன்று அணி என்றுதான் முடிவு செய்திருந்தது. 2023 மார்ச்சில் அதைக் கைவிட்டு 12 பிரிவு, நாலு நாலு அணி என்று மாற்றியது, ஆட்டம் 104 ஆனாலும் பரவாயில்லை என்று.

ஆனால் உங்கள் முறையிலும் ஓட்டை இருக்கிறது. மைதானம் ஒன்றுதானே? கடைசியாக ஆடுகிற பிரிவுக்கு எத்தனை கோல் தேவை என்று தெரிந்துவிடும். பிரிவுகளின் கடைசிச் சுற்றை ஒரே நாளில் வைத்து, எந்தப் பிரிவு முதலில் என்று அன்று காலையில் சீட்டுக் குலுக்குங்கள்.

பாலக்கோட்டான்:
சீட்டு சரி. வாக்ஓவர் வந்தால்? ஏதாவது ஒரு அணி கடைசி நாள் வராமல் போவது இங்கே வழக்கம்.

அரூர் விசில்:
3-0 கொடுப்பார்கள், அது அந்தப் பிரிவுக்காரனுக்கு இனாம். 2022 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் வட கொரியா பாதியில் விலகியபோது, இரண்டாம் இடங்களை ஒப்பிட மற்றப் பிரிவுகளிலும் கடைசி அணியோடு ஆடிய ஆட்டங்களை ஆசியக் கூட்டமைப்பு கழித்துவிட்டது. நீங்களும் அப்படியே எழுதி வைத்துவிடுங்கள்.

கோல்கம்பம்:
வரிசையையும் நோட்டீஸிலேயே அச்சடியுங்கள்: புள்ளி, கோல் வித்தியாசம், போட்ட கோல், அப்புறம் யாருக்கு மஞ்சள், சிவப்பு அட்டை குறைவு என்பது. அந்த ஒலிம்பிக்கில் பிரேசில், ஆஸ்திரேலியா இரண்டுக்கும் 3 புள்ளி. பிரேசிலுக்கு கோல் வித்தியாசம் -2, ஆஸ்திரேலியாவுக்கு -3, ஏழு கோல் போட்டும் வீட்டுக்குப் போனார்கள். 2018 உலகக் கோப்பையில் செனகல் மஞ்சள் அட்டை கூடியதாலேயே ஜப்பானிடம் இடத்தை இழந்தது.

பாலக்கோட்டான்:
அட்டைக் கணக்குக்கு ஆள் தேட வேண்டும். எங்களிடம் ஸ்கோர் எழுதுகிறவர்தான் மைக்கிலும் பேசுகிறார்.

அரூர் விசில்:
மைக்கை அந்தப் பெரியவரிடம் கொடுங்கள்.