தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த் குடும்பக் குழு: பெரியம்மாவின் எலும்பு ஸ்கேன்

சரோஜா பெரியம்மா: பிள்ளைகளே, வியாழக்கிழமை எனக்கு எலும்பு ஸ்கேன். அணு மருந்து ஊசி போடுவார்களாம். அதைக் கேட்டதிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

கவிதா: பயப்படாதீர்கள் பெரியம்மா. நாங்கள் தினமும் போடுகிற ஊசிதான். டெக்னீசியம் என்று பெயர். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அதன் வீரியம் பாதியாகக் குறையும். நிறையத் தண்ணீர் குடியுங்கள்.

சரோஜா பெரியம்மா: எங்கிருந்து வருகிறது அது?

கவிதா: பிரிட்டோரியா பக்கத்துப் பெலிண்டாபாவில் சஃபாரி-1 என்று ஓர் அணு உலை, 1965 முதல் ஓடுகிறது. அங்கே மாலிப்டினம் என்ற கதிரியக்கப் பொருளைச் செய்கிறார்கள். அது சிதைந்துதான் டெக்னீசியம் ஆகிறது.

செல்வன் மாமா: பெலிண்டாபாவா! அக்கா, நீங்கள் பிரிட்டோரியா லாடியத்துக்கு வந்தபோது ஹார்ட்பீஸ்பூர்ட் அணைக்குப் போனோமே, அந்தப் பக்கம்தான். நிறவெறி அரசு அணுகுண்டு செய்தபோது யுரேனியத்தைச் செறிவூட்டியது அங்கேதான்.

தினேஷ்: பள்ளியில் படித்தோம் மாமா. ஆறு குண்டுகள், ஏழாவது பாதியில் நின்றது.

செல்வன் மாமா: ஆமாம்டா. 1977-ல் கலஹாரி பாலைவனத்தில் சோதனைக்குக் குழிகூடத் தோண்டிவிட்டார்கள். சோவியத் செயற்கைக்கோள் பார்த்துவிட்டது, அமெரிக்காவும் நெருக்கியது, நிறுத்தினார்கள். நமக்கு ஒரு வார்த்தை தெரியாது. 1993 மார்ச் 24 அன்று அப்போதைய அதிபர் டி கிளார்க், குண்டுகள் செய்ததையும் கலைத்ததையும் நாடாளுமன்றத்தில் சொன்ன பிறகுதான் தெரிந்தது. உன் தாத்தா ரேடியோவை அணைத்துவிட்டு வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பெரும்பான்மை மக்களுக்கு வாக்கே இல்லாத நாட்டில், யாரைக் கேட்டுக் குண்டு செய்தார்கள்? எனக்கு இன்னும் ஆறவில்லை.

தினேஷ்: ஏன் குண்டுகளைக் கலைத்தார்கள்? மண்டேலா அரசின் கைக்குப் போகக் கூடாது என்றா?

செல்வன் மாமா: அப்படிச் சந்தேகப்பட்டவர்கள் உண்டு. அங்கோலாவிலிருந்து கியூபப் படை போய்விட்டது, பனிப்போர் முடிந்தது, இனித் தேவையில்லை என்றார் டி கிளார்க். எதுவானாலும் கலைத்தது பெரிய காரியம். 1991-ல் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்திலும் சேர்ந்தார்கள். தானே செய்த குண்டுகளைத் தானே முழுக்கக் கலைத்த நாடு உலகில் நம்முடையது ஒன்றுதான்.

சரோஜா பெரியம்மா: ஐயோ, அந்தக் குண்டுச் சரக்கையா எனக்கு ஏற்றப் போகிறார்கள்?

கவிதா: இல்லை பெரியம்மா. முன்பு சஃபாரி-1 அதிகம் செறிவூட்டிய யுரேனியத்தில் ஓடியது உண்மை. 2009-ல் குண்டுக்கு உதவாத, குறைந்த செறிவுள்ள எரிபொருளுக்கு மாற்றிவிட்டார்கள். அடுத்த வருடமே அப்படிச் செய்த மாலிப்டினத்தை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்று அந்த மருந்தை வைத்துத்தான் நாங்கள் பார்க்கிறோம். அங்கே வேலை செய்கிறவர்களை நினைத்து நன்றிதான் சொல்வேன்.

தினேஷ்: பெரியம்மா, ஜூலுவில் பெலிண்டாபா என்றால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். ஆப்பிரிக்காவிலேயே அணுகுண்டு கூடாது என்று 1996-ல் கையெழுத்தான ஒப்பந்தத்துக்கும் அந்தப் பெயர்தான்.

சரோஜா பெரியம்மா: இண்டாபா என்றால் பேச்சு, எனக்குத் தெரியாதா? சரி, ஊசி போட்டுக்கொள்கிறேன். யார் கூட வருகிறீர்கள்?

கவிதா: நான் லீவு போட்டுவிட்டேன். ஏழு மணிக்கு வாசலில் இருப்பேன். அன்று மட்டும் குட்டிப் பாப்பாவை மடியில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

சரோஜா பெரியம்மா: அதுதான் கஷ்டம்.