மீட்ட முயல்களை ஃபாஸ்டர் எடுத்தவர்கள் (நிரந்தர வீடு கிடைக்கும்வரை வைத்துப் பார்த்துக்கொண்டவர்கள்): இன்னும் மறக்க முடியாத ஒன்றைச் சொல்லுங்க

தாம்பரம் மொட்டைமாடி:

பிராட்வே பக்கம் ஒருத்தர் கடையைக் காலி செய்துவிட்டுக் கூண்டையும் முயல்களையும் அப்படியே விட்டுப் போய்விட்டார். ரெஸ்க்யூ ஆட்கள் பிரித்துக் கொடுத்ததில் என்னிடம் வந்தது வெள்ளை ஜோடி, இரண்டும் பெண். காதுக்குள் பழுப்பாக அடை அடையாகச் சொறி. ஐவர்மெக்டின் ஊசி, காது சுத்தம், எடை ஏறியது, அடாப்ஷனுக்குப் போட்டோ போட்டோம். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதைதான், விடுங்கள்.

பார்க்க வந்த குடும்பம் தங்கமான குடும்பம். பையன் ஏழாவது படிக்கிறான், முயலைப் பற்றி ஒரு நோட்டில் எழுதி எடுத்து வந்திருந்தான். கேரட்டில் இனிப்பு அதிகம், தினமும் தரக் கூடாது அங்கிள் என்று எனக்கே பாடம் எடுத்தான். கூட வந்த பாட்டி மட்டும் எதுவும் பேசாமல் முயலின் காதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் காது நரம்பு சிவப்பாகத் தெரியும் இல்லையா, அதை ஒரு விரலால் நீவிப் பார்த்துவிட்டு ரொம்ப சாதாரணமாகக் கேட்டார்: "ஏன் தம்பி, இதுல கொஞ்சூண்டு ரத்தம் எடுத்தா தாங்குமா? மருமவளுக்கு முடி கொட்டுது."

முயல் ரத்தத் தைலம்! மருமகள் "அத்தை, சும்மா இருங்க" என்று பல்லைக் கடித்தார், அவர் கணவர் சிரித்துச் சமாளித்தார். வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றேன். பையனுக்கு அப்போதே புரிந்துவிட்டது, நோட்டை மூடிப் பையில் வைத்துவிட்டான். அன்று ராத்திரி, வேறு வீடு முடிவாகிவிட்டது என்று மெசேஜ் போட்டேன். எந்த வீடும் முடிவாகவில்லை, ஜோடி இன்னும் என் வீட்டுப் பால்கனியில்தான் இருக்கிறது. பாட்டி கேட்டது கேள்விதானே, செய்யவா போகிறார் என்று ஒரு மனசு சொல்கிறது. இன்னொரு மனசு, வீட்டில் எல்லாரும் வேலைக்கும் ஸ்கூலுக்கும் போனபிறகு பகலில் முயலோடு இருக்கப்போவது அந்தப் பாட்டிதானே என்கிறது.

அயனாவரம் அக்கா:

கொடுக்காதது நூற்றுக்கு நூறு சரி. இதில் இரண்டாவது மனசே வேண்டாம் தம்பி.

எங்கள் அப்பார்ட்மெண்ட் லிஃப்டில் அட்டைப்பெட்டியில் வைத்துவிட்டுப் போன பிரவுன் ஆண் முயல். தாடைக்குக் கீழே சின்னதாகச் சீழ்க்கட்டி. பக்கத்து கிளினிக்கில் காட்டினேன், நாய், பூனை மட்டும் பார்க்கிற இடம். வாய்வழியாகக் கொடுக்க அமாக்சிசிலின் சிரப் எழுதித் தந்தார்கள். பென்சிலின் வகை மருந்தை முயலுக்கு வாய்வழியாகக் கொடுத்தால் குடலில் இருக்கிற நல்ல பாக்டீரியா அழிந்து, கெட்டது பெருகி, உயிருக்கே ஆபத்து. முயல் பார்க்கிற எந்த டாக்டருக்கும் இது பாலபாடம், இப்போது எனக்கும் தெரியும். இரண்டு வேளை கொடுத்தபிறகு புழுக்கை சிறுத்தது, அப்புறம் நின்றே போனது. கொத்தமல்லியை மூக்குக்கு நேராக நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்கு ஆட்டோவில் போகிறோம். துண்டில் சுற்றி மடியில் வைத்திருக்கிறேன், பல்லை நறநறவென்று கடிக்கிறான், வலி தாங்காமல் கடிப்பது, ஆட்டோ சத்தத்தையும் மீறிக் கேட்கிறது. டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "எங்கம்மா வாங்குனீங்க, கிலோ என்ன விலை போவுது?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. புரசைவாக்கம் தாண்டுவதற்குள் சத்தம் நின்றுவிட்டது. ஆட்டோக்காரர் மேல் எனக்கு இன்றுவரை கோபம் போகவில்லை, சிரப் எழுதியவர் மேல் அதைவிட அதிகம். முயலைப் பார்த்தால் ரத்தம், கறி, கிலோ என்ன விலை. அந்தப் பாட்டியும் இந்தக் கணக்கில்தான் சேர்த்தி.

புழுக்கை ஆராய்ச்சி:

அக்கா, படித்ததும் மனசு கனத்துவிட்டது. என்னிடம் இதுவரை வந்தவை எல்லாம் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தன, ஒன்று மட்டும் போகிற அன்றைக்கு என் லேப்டாப் சார்ஜர் வயரைக் கடித்துத் துண்டாக்கிவிட்டுப் போனது. அவ்வளவுதான் என் கதை.

ஆனால் புதிதாக எடுக்க நினைப்பவர்கள் படிப்பார்கள் என்பதால் சிலதைச் சொல்லியே ஆகவேண்டும். காலையில் எழுந்ததும் முதல் வேலை புழுக்கையைப் பார்ப்பது. உருண்டையாக, ஒரே அளவில், உடைத்தால் புல் தூளாக உதிர்ந்தால் முயல் நன்றாக இருக்கிறது. சிறுத்தாலோ முடியில் கோத்துக்கொண்டு மாலையாக வந்தாலோ கவனிக்கவேண்டும். 12 மணி நேரம் சாப்பாடும் இல்லை, புழுக்கையும் இல்லை என்றால் அவசர கேஸ், நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே கிடையாது, ஏனென்றால் முயலால் வாந்தி எடுக்க முடியாது, உள்ளே போனது முன்னே நகர்ந்துதான் ஆகவேண்டும். ராத்திரியிலோ விடியற்காலையிலோ கொத்தாக, பளபளப்பாக ஒன்று போட்டு அதை உடனே திரும்பத் தின்னும், அருவருப்புப் பட்டுத் தடுக்காதீர்கள், புல்லின் சத்து முழுசாகக் கிடைப்பது அந்த இரண்டாவது சுற்றில்தான். சாப்பாட்டில் 80 சதவீதத்துக்கு மேல் காய்ந்த புல் இருக்கவேண்டும், பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பதால் புல்லை அரைத்தால்தான் தேயும். டிமோத்தி ஹே தான் நல்லது. குதிரைமசால் (ஆல்ஃபால்ஃபா தீவனம்) வேண்டாம், கால்சியம் அதிகம், சிறுநீரில் மணல் மாதிரி படியும். வெயில் 30 டிகிரியைத் தாண்டினாலே திணறும், நம் ஊர் மே மாதத்தைக் கேட்கவே வேண்டாம், தண்ணீர் பாட்டிலை ஃப்ரீஸரில் உறையவைத்துத் துணி சுற்றிப் பக்கத்தில் வையுங்கள், தரையில் நாலு டைல்ஸ் போடுங்கள், காதை ஈரக் கையால் தடவிவிடுங்கள், உடம்புச் சூட்டை அது வெளியேற்றுவதே காது வழியாகத்தான். காதைப் பிடித்துத் தூக்குகிறவர்கள் தயவுசெய்து முயல் பக்கமே வராதீர்கள். பின்னங்காலுக்கு ஒரு கை கொடுத்துத்தான் தூக்கவேண்டும், உதறினால் அதன் முதுகெலும்பை அதுவே முறித்துக்கொள்ளும். உண்ணிக்கு நாய்க்குப் போடும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்து முயலுக்கு ஆகவே ஆகாது.

இன்னும் நிறைய இருக்கிறது, கை வலிக்கிறது.

சிங்காநல்லூர்க்காரன்:

ஆராய்ச்சி அண்ணா, யார் கேட்டாங்க இவ்வளவும்? சரி, சொன்னது நல்லதுதான், ஆனால் டிமோத்தி ஹே என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள். வெளிநாட்டிலிருந்து வருகிற புல், அந்த விலைக்கு வாங்கினால் ஃபாஸ்டர் எடுப்பவன் தெருவுக்குத்தான் வரவேண்டும். நான் அருகம்புல்லும் கினிப்புல்லும் வாங்கி மொட்டைமாடியில் காயவைத்துத்தான் போடுகிறேன், பல்லும் தேய்கிறது, புழுக்கையும் உங்கள் அளவுகோலுக்குச் சரியாகவே இருக்கிறது. அப்புறம் குதிரைமசால் வளர்ந்த முயலுக்குத்தான் வேண்டாம், குட்டிக்குக் கொடுக்கலாம்.

என்னுடையது பண்ணை கேஸ். எங்கள் பக்கம் ஒரு காலத்தில், முயல் வளருங்கள், குட்டியை நாங்களே திருப்பி வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லிக் கூண்டையும் முயலையும் விற்றார்கள். விற்றவர் போனை எடுக்காமல் போனதும் வளர்த்தவர் தீவனம் போட முடியாமல் தவித்து, அவரே ஆள் பிடித்து எங்களிடம் கொடுத்தார். சாம்பல் நிற சோவியத் சின்சில்லா இன முயல் இரண்டு எனக்கு வந்தன. அண்ணன் தம்பி என்றுதான் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு நாள் விடிகாலையில் பார்த்தால் தம்பி தன் நெஞ்சு முடியைக் கொத்துக் கொத்தாகப் பிடுங்கி மூலையில் மெத்தை போட்டுக்கொண்டிருக்கிறான். அதற்குள் ஏழு குட்டி, முடியும் இல்லை, கண்ணும் திறக்கவில்லை. அதுவரை எனக்குத் தெரிந்த சினைக்காலம் பசு மாட்டுடையது மட்டும்தான். முயலுக்கு 31 நாள், குட்டி போட்ட அன்றைக்கே மறுபடி சினை பிடிக்கும் என்று டாக்டர் போனில் கத்திய பிறகு அண்ணனைப் பாத்ரூமுக்குக் கடத்தினேன். எங்கள் அம்மா இங்க் ஃபில்லரில் பசும்பாலோடு நிற்கிறார், தாய் கிட்டவே போக மாட்டேங்குதுடா என்று. போகாது, ஒரு நாளைக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ சில நிமிஷம்தான் பால் கொடுக்கும், காலையில் குட்டிகள் வயிறு உப்பி இருந்தால் போதும். ஏழும் பிழைத்தன.

எனக்கு மறக்காதது அதுவும் இல்லை. அந்தப் பண்ணைக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார், பார்க்கலாமா தம்பி என்று வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டு நின்றார். உள்ளே வந்து தரையில் உட்கார்ந்ததும் தாய் முயல் மெதுவாக வந்து அவர் கால் கட்டை விரலை முகர்ந்து பார்த்துவிட்டு, தன் தாடையை அதில் தேய்த்துவிட்டுப் போனது. தன் பொருள் என்று வாசனை வைக்கிற பழக்கம் அது. அவர் காலை நகர்த்தவே இல்லை. "இத்தன வருசம் தீனி போட்டனுங்க, இதுக கிட்ட வரும்னே தெரியாதுங்க" என்றார். போகும்போது நூறு ரூபாயைப் புல் வாங்கிக்கொள்ளச் சொல்லி டீவி மேல் வைத்துவிட்டார்.

அயனாவரம் அக்கா கோபித்துக்கொள்ளக் கூடாது, அந்தப் பண்ணைக்காரரும் கிலோ கணக்கில் விற்றவர்தான். கறி தின்கிறவர், விலை கேட்கிறவர் எல்லாரையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள்.

அயனாவரம் அக்கா:

மடியில் ஒரு உயிர் போகும்போது விலை கேட்டால் உங்களுக்கும் தெரியும். உங்கள் பண்ணைக்காரர் நல்லவர், சரி. அதற்காக அடாப்ஷனுக்கு வருபவர்களில் யார் அந்த மாதிரி, யார் இல்லை என்று பார்த்துக்கொண்டிருக்க எனக்குத் தெம்பு இல்லை.

புதுசு:

தப்பா நினைக்காதீங்க, ஒரு சந்தேகம். வீடு கிடைக்கவில்லை என்றால் கிண்டி பூங்கா மாதிரி காடு இருக்கிற இடத்தில் விட்டுவிடலாமே? அங்கேதான் முயல் இருக்கிறதே.

ஜூரோங் வாசி:

அய்யோ, வேண்டாம்! கிண்டியில் இருப்பது காட்டு முயல், இனமே வேறு. பிறக்கும்போதே முடியோடும் திறந்த கண்ணோடும் பிறந்து ஓடத் தயாராக இருக்கும், 1972 வனவிலங்குச் சட்டப்படி பாதுகாப்பும் உண்டு. நம் வீட்டு முயல் ஐரோப்பாவில் வளை தோண்டி வாழ்ந்த முயலிலிருந்து வந்தது, அதிலும் வெள்ளை நிறத்தில் கொண்டுபோய் விட்டால் நரிக்கும் நாய்க்கும் விருந்து வைத்த கணக்குதான்.

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். இங்கே வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் முயல் வளர்க்க அனுமதி உண்டு, அதனால் பள்ளி விடுமுறையில் வாங்குவார்கள், சலித்ததும் பூங்காவில் விடுவார்கள். பிடிபட்டால் 10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அப்படியும் விடுகிறார்கள். எனக்கு வந்த கிழவி அப்படிப் பூங்கா நடைபாதையில் கிடைத்தவள். சுற்றி ஆட்கள் குனிந்து போட்டோ எடுக்கிறார்கள், அவள் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள், எவ்வளவு சமத்து பார் என்கிறார்கள். சமத்தும் இல்லை, ஒன்றும் இல்லை, பயத்தில் முயல் அப்படித்தான் உறைந்துபோகும். நான் குனிந்தபோது அவள் மூக்கு மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

2020 செப்டம்பரில் முயல்களுக்கு வரும் ரத்தக்கசிவு வைரஸ் இங்கே முதல்முறையாக வந்தபோது அவள் என்னிடம்தான் இருந்தாள். அதற்கு மருந்து கிடையாது, முன்கூட்டியே தடுப்பூசி மட்டும்தான், அது வந்துசேரும்வரை செருப்பைக்கூட வாசலுக்கு வெளியே கழற்றி, கைகழுவி, உடுப்பு மாற்றித்தான் அவளைத் தொடுவேன். என்னைத் தொடுவதற்குக்கூட நீ இவ்வளவு சுத்தம் பார்ப்பதில்லை என்று என் கணவர் சொல்லிக் காட்டுவார். அதெல்லாம் தாண்டி ஒரு வீட்டுக்குக் கொடுத்தேன். அவர்கள் வெளிநாடு மாறிப் போகும்போது திருப்பிக் கொண்டுவந்தார்கள், நான் கொடுத்தனுப்பிய அதே பெட்டியில், கழுவித் துடைத்து, தடுப்பூசி அட்டையைக் கவரில் போட்டு. அவர்கள் மேல் குறை சொல்ல எதுவுமே இல்லை, அதுதான் உறுத்துகிறது. பெட்டியைத் திறந்ததும் வெளியே வந்து நேராகச் சமையலறைக்குப் போய், பழைய இடத்தில் தண்ணீர்க் கிண்ணம் இருக்கிறதா என்று பார்த்தாள். இப்போது யார் கேட்டாலும் கொடுப்பதில்லை. புதுசு, உங்களைத் திட்டவில்லை, ஆனால் இனி யாரிடமும் கிண்டி யோசனையைச் சொல்லிவிடாதீர்கள்.

தாம்பரம் மொட்டைமாடி:

எல்லாரையும் படித்தேன். வெள்ளை ஜோடிக்குக் கருத்தடை செய்ய அடுத்த வாரம் தேதி வாங்கியிருக்கிறேன், கருத்தடை செய்யாத பெண் முயலுக்கு வயதாக ஆகக் கருப்பைப் புற்றுநோய் வருவது ரொம்ப அதிகம் என்று டாக்டரும் சொன்னார். தாம்பரம், சேலையூர் பக்கம் ஒரு வாரம் கினிப்புல் கொடுத்து உதவ யாராவது இருக்கிறீர்களா? எனக்குப் பொங்கலுக்கு ஊருக்குப் போகவேண்டும்.

புழுக்கை ஆராய்ச்சி:

நான் பார்த்துக்கொள்கிறேன், சேலையூர்தான். ஆபரேஷனுக்கு முன்னால் பட்டினி போடச் சொன்னால் போடாதீர்கள், அது நாய், பூனைக்கு. முயல் மேஜைக்குப் போகும்வரை சாப்பிடலாம், வாந்தியே எடுக்காத பிராணிக்கு எதற்குப் பட்டினி? முடிந்து வந்த அன்றைக்கு ராத்திரியே எதையாவது தின்னவைத்துவிடுங்கள், தின்னவில்லை என்றால் எனக்கு எத்தனை மணிக்கு வேண்டுமானாலும் போன் போடுங்கள்.

சிங்காநல்லூர் தம்பி, குட்டிக்குக் குதிரைமசால் கொடுக்கலாம் என்பது எனக்கும் தெரியும், நான் பேசியது வளர்ந்ததைப் பற்றி. அந்தக் காய்ந்த அருகம்புல்லை இரண்டு மூட்டை பஸ்ஸில் போட்டு அனுப்ப முடியுமா? கோயம்பேட்டுக்கு வேண்டாம், கிளாம்பாக்கத்திலேயே இறக்கச் சொல்லுங்கள்.