டிபி டிரெய்னிங்: தடுப்பு மாத்திரைய எப்படி சொல்லிக் குடுக்க?

பொருநைக்கரை:
முக்கூடல் பக்கம் மக்களைத் தேடி மருத்துவம் அக்காமாருக்கு அடுத்த வாரம் அரை நாள் டிபி டிரெய்னிங், நாந்தான் எடுக்கணும். போன தடவை ஸ்லைடு போட்டு கிருமி எப்படி பரவுதுன்னு எல்லாம் சொன்னேன், ஆனா வீட்டு வாசல்ல போயி நின்னா பேச்சே வரலைங்காவ. நோயாளி மாத்திரை திங்கிறது சரி, அதே வீட்டுல ஓடியாடித் திரியுத பிள்ளைக்கும் மாத்திரைன்னா "எம்பிள்ளைக்கு என்ன சீக்கு"ன்னு கதவ சாத்திருதாவ. என்ன செய்ய?

வாசத்திண்ணை:
தங்கச்சி, ஸ்லைட விடு. ரெண்டு ரெண்டு பேரா உக்கார வச்சு ஒருத்தி பிள்ளையோட அம்மாவா, இன்னொருத்தி வாலண்டியரா பேசிப் பாக்கட்டும், அதுக்கே பாதி நேரத்த ஒதுக்கு. நான் சொல்லுதது இதான்: "இருமுதவங்க கூடவே பிள்ளை படுத்துருக்கு, கிருமி உள்ள போயி தூங்கிட்டு இருக்கலாம், முழிக்க முன்னாடி கொல்லத்தான் மாத்திரை." தூங்குத கிருமின்னா வெளங்கிரும். 5 வயசுக்குள்ளன்னா தள்ளிப் போடவே கூடாது, மூளைக்காய்ச்சல் வரைக்கும் போயிரும். ஆனா டிபி இல்லைன்னு டாக்டர் பாத்துச் சொன்ன பொறவுதான் தடுப்பு மாத்திரை, இத அழுத்திச் சொல்லு. நோய் இருக்கையிலேயே இத மட்டும் குடுத்தா பின்னால அந்த மருந்தே கேக்காம போயிரும்.

பேட்டைக்காரன்:
எங்கம்மா 30 வருசம் பீடி சுத்துனா. இருமல் வந்தப்ப தூள் நெடிதான்னு நாங்களும் விட்டுட்டோம், மூணு மாசம் போச்சு, டிபின்னு தெரியுதப்ப எலும்பும் தோலுமா இருந்தா. இன்னும் மனசு ஆறலை. அதனால ரெண்டு வாரம் தாண்டுன இருமல்னா காரணம் என்னவா இருந்தாலும் சளி டெஸ்ட்டுன்னு சொல்லிக் குடுங்க. இன்னொண்ணு, பத்து பேரு பீடித் தட்ட மடியில வச்சு உக்காந்துருக்கையில சளி டப்பாவ நீட்டக் கூடாது, பொம்பளைப் பிள்ளைக இருக்க வீடுன்னா கல்யாணப் பேச்சே நின்னுரும்னு பயப்படுவாவ. நீங்க எப்படியும் சுகர், பிரஷர் பாக்கத்தான போறிய, அப்பமே உள்ள கூட்டிட்டுப் போயி கேளுங்க. சுகர் உள்ளவங்களுக்கு டிபி வர வாய்ப்பும் கூட.

லேப்அக்கா:
எச்சிய துப்பிக் கொண்டாந்தா டெஸ்ட் வீண்! வாய வெறுந்தண்ணில கொப்பளிச்சு, நல்லா மூச்ச இழுத்து, நெஞ்சுலேர்ந்து இருமி எடுக்கணும், வெட்டவெளில நின்னு. மாத்திரை தின்னா ஒண்ணுக்கு செவப்பா போவும்னு முன்னாடியே சொல்லணும், ரத்தம்னு பயந்தே பாதில விட்டவங்க உண்டு. நோயாளிக்கு சத்துணவுக்குன்னு மாசம் 1000 ரூபா பேங்குல வரும், 2024 நவம்பருக்கு முன்னாடி 500தான், பாஸ்புக் சரியா இருக்கான்னும் பாருங்க.

பொருநைக்கரை:
வாரத்துக்கு ஒருக்க, மொத்தம் 12 தடவைதான்னு ஒரு தடுப்பு மாத்திரை இருக்குல்லா, ஆறு மாசம் தினமும் திங்கிறத விட அத சொன்னா ஒத்துக்கிடுவாவளோ?

வாசத்திண்ணை:
பெரியவங்க ஒத்துக்கிடுதாவ. நாள மட்டும் வெள்ளிக்கிழமைன்னு ஒண்ணா வச்சு காலண்டர்ல சுழிச்சுக் குடு, மறக்க மாட்டாவ. சின்னப் பிள்ளைகளுக்கு எதுன்னு டாக்டர்ட்ட கேட்டுக்கோ.