ஐயாவின் இழைப்புளியைத் தீட்ட வழி சொல்லுங்கள்

வணக்கம். காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஐயா கானாடுகாத்தான் வீடுகளில் பர்மாத் தேக்குக் கதவுகளைப் பழுது பார்த்த தச்சர். அவருடைய பெட்டி பரணிலிருந்து இப்போதுதான் என் கைக்கு வந்தது: மரத்தை இழைக்கும் ஓர் இழைப்புளி, நான்கு உளிகள், உளியை அடிக்கும் மரச்சுத்தியலான ஒரு கொட்டாப்புளி. கொட்டாப்புளியின் பிடியில் அவர் கட்டைவிரல் பட்டுத் தேய்ந்த பள்ளம் அப்படியே இருக்கிறது.

வினிகரில் ஓர் இரவு ஊறவைத்து, சமையல் சோடா நீரில் அலசி, உடனே துடைத்து எண்ணெய் தடவினேன். துரு போய்விட்டது. ஆனால் இழைப்புளித் தகட்டின் முதுகில் (தட்டையான பக்கத்தில்), வெட்டும் விளிம்பை ஒட்டிக் கடுகளவு குழிகள். முதுகு தட்டையாக இல்லாவிட்டால் மறுபக்கச் சரிவை எவ்வளவு தீட்டினாலும் கூர் வராது. குழி மறையும்வரை முதுகைத் தேய்ப்பதா, விளிம்பையே குறைத்து 25 பாகையில் புதுச் சரிவு எடுப்பதா?

ஓர் உளியை அவசரப்பட்டு மின்சாணையில் பிடிக்கக் கொடுத்தேன். முனை நீலம் பாய்ந்து திரும்பி வந்தது, சூட்டில் பதம் (இரும்பின் கடினம்) போய்விட்டது. பார்த்தபோது வயிறு எரிந்தது. இனி எல்லாம் கையால், தண்ணீர்க் கல்லில்தான். முதலில் எந்த எண் (சொரசொரப்பு அளவு) கல் வாங்கலாம்? அந்த உளிக்கு மறுபடி பதம் ஏற்றித் தரும் கொல்லர் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இருக்கிறாரா? எந்த ஊரானாலும் நேரில் கொண்டுவருகிறேன்.