டீசல் கொட்டின மண்ணுக்கு சாணம் போடலாமா?

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. மலேசியா, பினாங்கு நிபோங் திபால்ல எங்க அப்பாவோட கத்திரிக்கா தோட்டத்துல ஒரு கான்ட்ராக்டர் வண்டியில இருந்து டீசல் ஒழுகி மண்ணுல இறங்கிருச்சு, தண்ணி ஊத்துனா உள்ள போகாம மேலயே உருண்டு நிக்குது, செடியெல்லாம் மஞ்சளாயிருச்சு, அப்பாவுக்கு சோறே இறங்கல. டீசலத் திங்கிற பாக்டீரியா மண்ணுலயே இருக்கு, ஆனா அதுக்கு காத்து, ஈரம், நைட்ரஜன், பாஸ்பரஸ் எல்லாம் வேணும், அந்தச் சத்த சாணம் குடுக்கும்னு தெரியும், கார்பன் 100க்கு நைட்ரஜன் 10, பாஸ்பரஸ் 1னு ஒரு கணக்கு சொல்றாங்க. மாட்டுச் சாணமா கோழி எருவா, எது நல்லது? பச்சையா போடலாமா, இல்ல மக்க வச்சுத்தானா? எத்தன நாளைக்கு ஒருதடவ கொத்தி விடணும்? மழையில டீசல் லோங்காங் (வடிகால்) பக்கம் ஓடிருமோன்னு வேற பயமா இருக்கு, கான்வாஸ் போட்டு மூடுனா காத்து போகுமா? பினாங்குல மண்ண எங்க டெஸ்ட்டுக்கு குடுக்கலாம்னும் தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.