நிதியும் புள்ளியியலும்: குறைந்த செலவில் எங்கே முதுகலை படிக்கலாம்?

அனைவருக்கும் வணக்கம். பி.எஸ்சி. புள்ளியியல் இறுதியாண்டு படிக்கிறேன். அப்பாவுக்குச் சிறிய மளிகைக் கடை. தங்கை அடுத்த ஆண்டு கல்லூரிக்குப் போகிறாள். கல்விக்கடன் என்றாலே வீட்டில் பேச்சு நின்றுவிடுகிறது.

முதல் ஆசை கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்தின் எம்.ஸ்டாட்., அதாவது புள்ளியியல் முதுகலைப் படிப்பு. கல்விக் கட்டணம் இல்லை, மாத உதவித்தொகையும் உண்டு. ஆனால் நுழைவுத் தேர்வின் பழைய வினாத்தாளைப் பார்த்தபோது வியர்த்துவிட்டது. சரியான விடையைத் தேர்ந்தெடுப்பது ஒரு தாள். இன்னொன்றில் ஒவ்வொரு படியையும் எழுதி நிறுவ வேண்டும். எங்கள் கல்லூரியில் நாங்கள் சூத்திரத்தில் எண்களைப் போட்டுத்தான் பழகினோம்.

அடுத்தது புதுச்சேரிப் பல்கலைக்கழகம். அங்கே புள்ளியியல் துறையிலேயே அளவுசார் நிதியியலுக்கு (கணிதத்தையும் புள்ளியியலையும் நிதித்துறையில் பயன்படுத்தும் படிப்பு) தனி எம்.எஸ்சி. இருக்கிறது. மத்தியப் பல்கலைக்கழகம் என்பதால் எங்களுக்குக் கட்டுப்படியாகும். அங்கே படித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? வளாகத் தேர்வுக்கு எப்படிப்பட்ட நிறுவனங்கள் வருகின்றன? வங்கிகளின் இடர் மதிப்பீட்டுப் பிரிவில் வேலை கிடைக்குமா?

ஜெர்மனியில் படிப்பு இலவசம் என்று மாமா ஒருவர் அடித்துச் சொல்கிறார். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் அது உண்மைதான், ஆனால் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் எங்களைப் போன்றவர்கள் பருவத்துக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். அதோடு விசாவுக்காக ஓராண்டுச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே கணக்கில் காட்ட வேண்டும். மாமா அதைச் சொல்லவே இல்லை!

எம்.ஸ்டாட்டுக்காக ஓராண்டு வீட்டிலிருந்தே தயாராகலாமா, அல்லது புதுச்சேரியில் இடம் கிடைத்தால் உடனே சேர்ந்துவிடலாமா? இந்த இரண்டில் ஒன்றைச் செய்து பார்த்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.