அடிஷாம் பங்களா: அம்மாவைக் கூட்டிப் போகலாமா?

ஹட்டன்காரன்:
அடுத்த கிழமை பண்டாரவளையில் அக்கா வீட்டில் நிற்போம். அப்படியே அப்புத்தளை போய் அம்மாவுக்கு அடிஷாம் பங்களாவைக் காட்டலாம் என்று யோசனை. தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருந்து முப்பது வருசம் கொழுந்து பறித்தவர், துரை பங்களா வாசலைத் தாண்டி உள்ளே போனதே இல்லை, அதனால் ஒரே ஆசை. முழங்கால் வலி வேறு. புதன்கிழமை திறந்திருக்குமா?

மூடுபனி:
புதன் வேண்டாம் தம்பி. அது இப்போது மடம், 1960களிலிருந்து சில்வெஸ்திரியக் கத்தோலிக்கத் துறவிகள் இருக்கிறார்கள். சனி, ஞாயிறு, போயா (பௌர்ணமி), அரச விடுமுறை நாட்களில்தான் ஆட்களை விடுவார்கள். நாங்கள் தெரியாமல் ஒரு செவ்வாய்க்கிழமை போய் பூட்டிய கேற்றைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பினோம். டவுனிலிருந்து சுமார் 3 கிலோமீற்றர், ஏற்றம். த்ரீவீல் பிடியுங்கள், திரும்பவும் அதையே நிற்கச் சொல்லுங்கள்.

பழைய கணக்கப்பிள்ளை:
உள்ளே முழுவதும் பார்க்கலாம் என்று நினைத்துப் போகாதீர்கள். வரவேற்பறையும் நூலகமும் மட்டும்தான். வெள்ளைக்காரத் துரை சர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டியது, அவர் பிறந்த ஊர் இங்கிலாந்தில் கென்ட் பக்கம் இருக்கும் அடிஷாம், அந்தப் பெயரையே வைத்துவிட்டார். கென்ட்டிலேயே இருக்கும் லீட்ஸ் கோட்டையைப் பார்த்துக் கட்டினாராம். (லீட்ஸ் நகரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, நானும் குழம்பியிருக்கிறேன்.) அந்தக் கோட்டையைச் சுற்றித் தண்ணீர், இங்கே மூடுபனி, அவ்வளவுதான் வித்தியாசம்! எனக்கென்னவோ கருங்கல் சுவரும் உயரமான புகைபோக்கியும் அழகுதான், ஆனால் அந்தக் கல்லைச் சுமந்தது யார் என்ற நினைப்பும் கூடவே வந்துவிடுகிறது.

ஊவாக்காரி:
அண்ணன் சொல்வது சரி, ஆனாலும் தோட்டத்துக்காகவே போகலாம். ரோசாச் செடிகளுக்குப் பக்கத்தில் அம்மாவை உட்கார வைத்துவிட்டு நீங்கள் சுற்றிப் பாருங்கள். காலையிலேயே போய்விடுங்கள், மத்தியானத்துக்கு மேல் பனி மூடினால் எதிர் மலை தெரியாது. பக்கத்தில் தங்கமலைக் காடு, பறவைகள் சரணாலயம், அந்த நடை அம்மாவுக்குச் சரிவராது. வரும்போது மடத்துக் கடையில் கொய்யா ஜெல்லி வாங்குங்கள், ரொட்டிக்குப் பிரமாதம். ஸ்ட்ரோபெரி ஜாம் எனக்கு இனிப்புக் கூட.

ஹட்டன்காரன்:
அப்போ சனிக்கிழமைதான். இரண்டு அறைதான் காட்டுவார்களாம் என்று அம்மாவிடம் சொன்னேன். "நம்ம லயத்துல ஒரு காம்பராதானே, அங்க ரெண்டு இருக்கே" என்கிறார்.